கடல் கடந்த பண்பாடு: படை கொண்டுபோனதா, வணிகர் கொண்டுபோனார்களா?

வளவுவீட்டான் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற ஞாயிறு காரைக்குடியில் ஒரு சொற்பொழிவு. உலகமெங்கும் இந்தியப் பண்பாடு பரவிய கதைதான் தலைப்பு. பேசியவர் பெயர் வேண்டாம். நல்ல குரல், தங்குதடையில்லாத தமிழ். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது கப்பற்படையை ஏவினான். கோயிலும் எழுத்தும் இராமாயணமும் அந்தக் கப்பல்களில்தான் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயின என்று முழங்கித் தள்ளினார். அரங்கமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

போர்னியோவின் கூத்தாய்ப் பகுதியில் மூலவர்மன் என்ற அரசன் நட்ட வேள்வித் தூண்கள் ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்தவை. சாவகத்தின் (ஜாவா) பரம்பனான் கோயில்களில் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியது 9ஆம் நூற்றாண்டில். அங்கேயே இருக்கும் போரோபுதூர் புத்தக் கோயில் அதற்கும் சற்று முந்தியது. ஆக, ராஜேந்திரன் கப்பல் ஏறும்போது அங்கே சிவனும் புத்தரும் குடியேறி அறுநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் தாக்கிய ஸ்ரீவிஜயம் என்ற சுமத்திராக் கடலரசு யாருடையது? அவனுடைய தந்தை ராஜராஜனின் இசைவோடு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டிய அரச மரபினருடையது. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் கொடுத்தான். அப்படிப்பட்ட இடத்துக்குப் பண்பாடு சொல்லிக்கொடுக்க ஒரு படை போனதாம்.

தஞ்சாவூர்க்காரர் இப்படிப் பேசினால் விட்டுவிடலாம். செட்டிநாட்டில் உட்கார்ந்து கைதட்டுகிறோமே, அதுதான் தாங்கவில்லை. ரங்கூனுக்கும் சைகோனுக்கும் மேடானுக்கும் நம் ஆட்கள், நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பேரேட்டையும் முருகனுடைய வேலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வாளை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. உங்கள் வீடுகளில் இதற்குச் சான்று என்ன இருக்கிறது? எழுதுங்கள்.

கடாரம்1025

வணக்கம். அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இன்றும் தட்டுவேன்.

காலக்கணக்கில் பேச்சாளர் சறுக்கியிருக்கலாம். ஆனால் "படை ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் செட்டியார் பெட்டியில் போனது" என்பது அதைவிடப் பெரிய சறுக்கல். சீனத்துக்குப் போகும் கடல்வழியை ஸ்ரீவிஜயம் கையில் வைத்திருந்தது. அதை உடைக்க ஒருவன் வேண்டியிருந்தது. கல்வெட்டில் அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியைப் படியுங்கள்: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் என்று வரிசையாக ஊர்ப்பெயர்கள் வருகின்றன. அரசு பின்னால் நிற்காமல் எந்த வணிகனும் நடுக்கடலில் நிமிர்ந்து நின்றதில்லை. உங்கள் ஆட்கள் பர்மாவுக்குப் போனதும் வெள்ளைக்காரன் 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகுதானே? அந்த வாளை எங்கே ஒளித்துவைத்தீர்கள்?

கண்டனூர் வாத்தியார்

இரண்டு தம்பிகளும் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற சான்றை விட்டுவிட்டுப் பரம்பனானுக்குப் போய்விட்டீர்கள்.

பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் தாங்கள் விற்கும் பொருள்கள்மேல் தாங்களே ஒரு வரி போட்டு அந்தக் கோயிலுக்குக் கொடுக்கிறார்கள். பட்டியல் நீளம்: உப்பு, நெல், பாக்கு, மிளகு, இரும்பு, நூல், சந்தனம், குதிரை, யானை. இன்று நகரத்தார் வணிகத்தில் கோயிலுக்கென்று மகமை பிடிப்பதற்கும் இதற்கும் எழுநூறு ஆண்டு இடைவெளி. முறை என்னவோ ஒன்றுதான்.

இதே ஐந்நூற்றுவர் சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருஸ் என்ற இடத்தில், 1088இல் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். பாருஸ் என்பது கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். கரைக்கு வரும் மரக்கலத்தின் தலைவன் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பொன் கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. ராஜேந்திரனின் படையெடுப்புக்கு அறுபது ஆண்டுகள் கழித்து அங்கே விதி போடுகிறவர்கள் வணிகர்கள். சோழ அதிகாரி என்று ஒருவரும் அதில் தலைகாட்டவில்லை.

ஆனால் வளவுவீட்டான் தம்பி இதைக் கேட்டு மகிழ்ந்துவிடவும் வேண்டாம். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒரு குளம் வெட்டியதைச் சொல்கிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும். முதல்வர் வணிகக் குழு, இரண்டாமவர் ஆயுதம் ஏந்தியவர்கள். மணிக்கிராமத்தாரின் ஒரு கிளை நமக்குப் பக்கத்திலே கொடும்பாளூரில் இருந்தது. ஐந்நூற்றுவருக்கும் எறிவீரர் என்று சொந்தப் படையே இருந்தது. ஆகவே வாள் இருந்தது, தம்பி. வாளுக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று கேளுங்கள், கதை மாறும்.

இன்னும் மூன்று கற்களைச் சொல்லி நிறுத்துகிறேன். பர்மாவின் பகானில், 13ஆம் நூற்றாண்டில், மலைமண்டலத்திலிருந்து (இன்றைய கேரளம்) போன ஒருவர் நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் எடுத்து, கதவு போட்டு, விளக்கு வைத்ததைத் தமிழில் எழுதியிருக்கிறார். சுற்றிலும் புத்த கோயில்கள்; நடுவில் இது; யாரும் தடுக்கவில்லை. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சீன மன்னனின் உடல்நலத்துக்காகச் சிவனைப் பிரதிட்டை செய்ததாகத் தமிழில் சொல்கிறது. அந்த ஊர்ப் புத்த மடத்துத் தூண் ஒன்றில் நரசிம்மர் இன்னும் இருக்கிறார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இலங்கையில் காலி என்ற ஊரில் கிடைத்த மும்மொழிக் கல். 1409ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தது. சீன எழுத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீக எழுத்தில் அல்லாவுக்குக் காணிக்கை, தமிழ் எழுத்தில் இலங்கைத் தென்கரைக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை. மூவருக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கடலில் யார் யாரோடு பேச வேண்டியிருந்தது என்பது சீனக்காரருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

சிராவயல் மாணவன்

ஐயா, எழுத்து எப்படிப் போனது? கெமர் எழுத்து, தாய் எழுத்து எல்லாம் நம்முடையது என்று இணையத்தில் படித்தேன்.

கண்டனூர் வாத்தியார்

தென்னாட்டில் பல்லவர் காலத்தில் வழங்கிய எழுத்து மரபிலிருந்து கிளைத்தவை அவை. மோன், சாவக எழுத்துகளும் அப்படியே. ஆனால் "நம்முடையது" என்பதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். முதலில் அதை வைத்துச் சமற்கிருதம் எழுதினார்கள். பிறகு தங்கள் மொழியையே எழுதத் தொடங்கினார்கள். பாலெம்பாங் அருகே கெடுகான் புகித்தில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டின் இறுதிக் கல்வெட்டு பழைய மலாய் மொழியில் இருக்கிறது. எழுத்து மட்டும் பல்லவ மரபு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கம்போடியாவில் கெமர் மொழிக் கல்வெட்டு ஒன்றில் சக ஆண்டு 605 (கி.பி. 683) என்று எண்ணால் எழுதினார்கள். நடுவில் சுழியத்துக்கு ஒரு புள்ளி. உலகில் இன்று கிடைக்கும் மிகப் பழைய சுழியக் குறிகளில் அது ஒன்று. நாம் கண்டுபிடித்த கணக்கு முறைக்கு அத்தனை பழைய சாட்சி கம்போடியாக் காட்டில் கிடைக்கிறது. பெற்றுக்கொண்டவர்கள் நம்மைவிடக் கவனமாக வைத்திருந்தார்கள், தம்பி. தேர்வுக்கு இது வராது, ஆனாலும் எழுதிவைத்துக்கொள்.

பர்மா காலனி

எல்லோரும் கல்வெட்டுப் படிக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன்.

எங்கள் ஐயா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாங்கள் நகரத்தார் அல்லர். பர்மாவிலிருந்து 1964இல் கைப்பையோடு திரும்பிய குடும்பம். காரைக்குடியில் எங்கள் குடியிருப்புக்குப் பர்மா காலனி என்று ஏன் பெயர் வந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதது போல் எழுதுகிறீர்கள்.

பண்பாட்டைப் பரப்பியதாகச் சொல்கிறீர்களே, பர்மாக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 1930 வாக்கில் அங்கே நகரத்தார் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் என்று அந்நாளைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்த ஆண்டுகளில் நெல்விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலம் வைத்திருந்தவர்கள் 1938இல் 25 விழுக்காடு வைத்திருந்தார்கள். பர்மிய உழவனின் கண்ணில் அதுதான் இந்தியப் பண்பாடு. அடி விழுந்தபோது வாங்கியவர்கள் யார்? 1930 ரங்கூன் கலவரத்தில் செத்தவர்கள் பெரும்பாலும் துறைமுகக் கூலிகள்.

கூலிக்காரர்களும் கோயில் கட்டினார்கள். மாரியம்மனையும் முனீசுவரனையும் கொண்டுபோனார்கள். அவற்றுக்கு வெள்ளித்தேர் இல்லை, ஆகையால் வரலாற்றிலும் இடமில்லை.

வளவுவீட்டான்

அண்ணே, உங்கள் கோபத்துக்கு இந்த இழையில் இடம் உண்டு. ஆனால் நிலம் வேண்டும் என்று யாரும் பர்மாவுக்குப் போகவில்லை. பணமாகத் திரும்பவேண்டியது சேறாகத் திரும்பியது. அதையும் 1948க்குப் பிறகு அரசு எடுத்துக்கொண்டது. பல வீடுகளில் அந்தப் பத்திரங்கள் இன்றும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. கரையான்தான் வட்டி வாங்குகிறது.

பர்மா காலனி

தம்பி, உங்களுக்குப் பத்திரமாவது மிஞ்சியது.

நெறியாளர்

இருவருக்கும்: குடும்பக் கணக்கைத் தனிமடலில் தீர்த்துக்கொள்ளவும். இழை தொடரட்டும்.

தண்ணீர்மலை

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம், பிறந்தது இங்கே.

வெளியூர் போன நகரத்தார் கோயில் வெறும் கோயில் அன்று. இதை அங்கே இருப்பவர்கள் பலர் மறந்துவிட்டார்கள். ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். முருகன் முன்னிலையில் சொன்ன விகிதத்தை மறுநாள் மாற்ற முடியாது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகம், எழுதத் தாழ்ந்த மேசை, இரவில் அங்கேயே படுக்கை. ஊரிலிருந்து வந்த மேலாள் மூன்று ஆண்டு கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அடுத்தாள் மேலே வருவார். பெட்டியடிப் பையன் கணக்குக் கற்றுக்கொள்வான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. எங்கள் பினாங்குக் கோயில் அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது. வங்கியும் சங்கமும் சாப்பாட்டுக் கூடமும் எல்லாம் கோயிலைச் சுற்றியே இருந்தன. பக்தியைப் பரப்ப வேண்டும் என்று ஒருவரும் வரவில்லை. தங்களுக்காகக் கட்டிக்கொண்டார்கள்.

பரவியது எப்படி என்று கேட்டால், தைப்பூசத்தன்று இங்கே வந்து பாருங்கள். வெள்ளித்தேர் காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்தது. அது போகும் வழியெல்லாம் சீனர்கள் தேங்காயை மலைபோல் குவித்துவைத்து உடைப்பார்கள். தமிழரைவிட அவர்கள் உடைப்பதே அதிகம் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வோம். அவர்களை யாரும் மதம் மாற்றவில்லை. நேர்த்திக்கடன் பலித்தது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், இவரும் உடைத்தார்.

பர்மா காலனி அண்ணன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. சைகோனில் இன்று வியட்நாமியப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவது மாரியம்மன் கோயிலுக்குத்தான். அங்கிருந்த தமிழர்கள் பெரும்பாலும் 1975க்குப் பிறகு போய்விட்டார்கள். அம்மன் போகவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

நீங்கள் எல்லாரும் போனதையே பேசுகிறீர்கள். வந்ததை யார் பேசுவது? வளவுவீட்டான் வீட்டில் இருக்கும் சான்றைக் கேட்டார், ஒருவரும் சொல்லவில்லை. ஆம்பிளைகள் எழுதும் இழை என்றால் இப்படித்தான்.

எங்கள் வீட்டில் முகப்புத் தூண் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலிச் சலவைக்கல். மேல்மாடத்தில் சுதையால் செய்த கஜலட்சுமி. அவளுக்கு இரு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். சின்ன வயதில் துவாரபாலகர்கள் என்றே நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன். சாமான் அறையில் பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பூசிய மரவைகள் இருக்கின்றன. முறுக்கு வைத்தால் நமுத்துப் போகாது. சீர்வரிசையில் வரிசையாக அடுக்கிய எனாமல் சட்டிகள் ஐரோப்பியச் சரக்கு. இவையெல்லாம் இல்லாமல் செட்டிநாட்டுக் கல்யாணமா?

ஆத்தங்குடிக் கல்லையும் சொல்லவேண்டும். சீமையிலிருந்து வந்த பூக்கல்லைப் பார்த்து நம் கொத்தனார்கள் சிமெண்டையும் உள்ளூர் மணலையும் கண்ணாடிப் பலகைமேல் வார்த்துத் தாங்களே செய்தார்கள். சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியில் படிந்த முகம் தானே பளபளக்கும். இன்று அதையே "மரபுத் தமிழ்த் தரை" என்று சொல்லி வெளிநாட்டார் வந்து வாங்கிப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான்.

அடுப்படிக்கு வாருங்கள். கறுப்புக் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. அதை வேகவைத்துச் சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டு விருந்தில் முதலில் பரிமாறுவோம். ஊறவைக்காமல் அவசரத்துக்குக் குக்கரில் போடுகிறவர்கள் அதைத் தொடாமலே இருக்கலாம். முதல்நாள் இரவே தண்ணீரில் போட வேண்டும். அன்னாசிப்பூ சீனாவுக்கும் வியட்நாமுக்கும் உரியது. மிளகாய் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. இவற்றை எடுத்துவிட்டால் ஊரெல்லாம் பலகை மாட்டி விற்கும் செட்டிநாட்டுக் குழம்பில் என்ன மிஞ்சும்? மிளகும் சீரகமும் கல்பாசியும் மிஞ்சும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. மூன்று வருடம் ஆண்கள் இல்லாத வீட்டை நடத்தியது யார்? வட்டிக்கு விட்டு, வேளாண்மை பார்த்து, படைப்பு போட்டு, பிள்ளைக்குப் பெண் பார்த்ததும் ஆச்சிமார்கள்தாம். கடல் கடந்து எதையும் கொண்டுபோனவனுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது என்றால் அது தானாக நிற்கவில்லை.

கடாரம்1025

ஆச்சி, கவுனி அரிசிக் குறிப்புக்கு நன்றி. ஆனால் இப்படியே போனால் எதுவும் நம்முடையது இல்லை என்று முடித்துவிடுவீர்கள். அங்கோர்வாட் விஷ்ணு கோயில்தானே? தாய்லாந்து அரசர் முடிசூடும்போது இன்றும் பிராமணர்கள் சடங்கு செய்கிறார்கள்தானே? இதையெல்லாம் கொடுத்தது யார்?

கண்டனூர் வாத்தியார்

கொடுத்தவர் உண்டு, மறுக்கவில்லை. என்ன எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர் வாங்கியவர். அதைத்தான் நீங்கள் இருவரும் விட்டுவிட்டீர்கள். ஒருவர் படையைப் பார்க்கிறார், ஒருவர் பெட்டியைப் பார்க்கிறார், கரையில் நின்றவனை யாரும் பார்க்கவில்லை.

பட்டம், முடிசூட்டு, வேள்வி, இலிங்கம், சமற்கிருத மெய்க்கீர்த்தி: இவை அக்கரை அரசனுக்குத் தேவைப்பட்டன, அழைத்து வைத்துக்கொண்டான். சாதி அடுக்கைப் பெரும்பாலும் விட்டுவிட்டான். பெண்ணுக்குச் சொத்துரிமையும் சந்தை வணிகமும் அங்கே முன்பே இருந்தன. அவற்றையும் அவன் மாற்றவில்லை.

இராமாயணத்தையே பாருங்கள். தாய்லாந்தின் ராமகியனில் அனுமன் பிரம்மசாரி அல்லன். சேதுவைக் கட்டும்போது இராவணன் மகளான ஒரு மச்சகன்னி கல்லையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறாள். அனுமன் அவளைத் துரத்திப் பிடித்துக் காதலிக்கிறான், பிள்ளையும் பிறக்கிறது. பங்குனியில் கம்பன் திருநாளுக்கு நாட்டரசன்கோட்டையில் கூடும் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் ஒருமுறை சொன்னேன். ஒரு பெரியவர் பாதிப் பேச்சில் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ஆனால் பாங்காக் மக்களுக்கு அந்த அனுமன்தான் அனுமன். அவர்களிடம் போய்ப் பிழைதிருத்தம் செய்ய முடியாது.

அந்தப் பாங்காக்கில்தான் மார்கழி, தைச் சடங்கில் திருவெம்பாவையை ஓதும் பழக்கம் இருந்தது. ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது; ஒலி மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்தது. அதோடு சேர்ந்த பெரிய ஊஞ்சல் விழாவை 1935இல் நிறுத்தினார்கள். ஊஞ்சல் கம்பம் இன்னும் நகர நடுவில் நிற்கிறது. மாணிக்கவாசகரை அங்கே கொண்டுபோன சோழப் படை எது என்று கடாரம் தம்பி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சிராவயல் மாணவன்

மேற்குப் பக்கம் ஒன்றுமே போகவில்லையா ஐயா?

தண்ணீர்மலை

வாத்தியார் ஐயா ஓய்வெடுக்கட்டும், நான் சொல்கிறேன். எகிப்தின் செங்கடல் துறை பெரெனிகேயில், ஒரு கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த சாடியில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. முதல் நூற்றாண்டுச் சரக்கு. அதே ஊரிலும் குசேர் அல் கதீமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், 8ஆம் நூற்றாண்டில் அரபிக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பா முழுதும் சுற்றியது. எண்களும் அரபு வழியாகவே போயின. இத்தாலியில் பிபனாச்சி 1202இல் அவற்றை வணிகர்களுக்காக விளக்கி எழுதினார். அங்கும் கணக்கப்பிள்ளைகள்தாம் முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

வளவுவீட்டான்

கடாரம் நண்பருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: வாளுக்குச் சம்பளம் கொடுத்தவன் வணிகன் என்று வாத்தியார் ஐயா சொன்னதை நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு உதவி. மலேசியாவின் மூவாரில் எங்கள் ஐயா நடத்திய கடையின் பேரேடுகளும் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) கட்டுகளும் மேல்வீட்டில் ஒரு பெட்டகம் நிறைய இருக்கின்றன. வீட்டைப் பிரிக்கும் பேச்சு நடக்கிறது. பங்காளி ஒருவர் எடைக்குப் போடலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

கண்டனூர் வாத்தியார்

எடைக்குப் போட்டால் உங்களோடு பேச மாட்டேன். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாக்காமல் இருந்திருந்தால் அவையும் மளிகைப் பொட்டலமாகியிருக்கும். முதலில் கட்டு அவிழ்க்காமல், எந்தக் கட்டு எந்த வரிசையில் இருந்தது என்று எழுதிவையுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் தாளோடு சேர்க்க வேண்டாம். பூச்சி மருந்து எதையும் தெளித்துவிடாதீர்கள்.

பர்மா காலனி

அந்தப் பேரேட்டில் கடன் வாங்கியவர்கள் பெயரும் ஊரும் இருக்கும். கடையில் தண்ணீர் இறைத்தவன், சமையல்காரன், மூட்டைக்காரன் சம்பளமும் எழுதியிருப்பார்கள். படம் எடுக்கும்போது அந்தப் பக்கங்களையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். ஆள் தேவையானால் என் மகனை அனுப்புகிறேன். நல்ல கேமரா வைத்திருக்கிறான்.

வளவுவீட்டான்

அனுப்புங்கள் அண்ணே. வெள்ளிக்கிழமை பங்காளிகள் வருகிறார்கள், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். தமிழ் எண்களைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த ஒருவரும் கூட வந்தால் நல்லது. வாத்தியார் ஐயாவுக்கு வண்டி அனுப்புகிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி

பெட்டகத்தின் அடித்தட்டையும் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரட்டைத் தட்டு இருந்தது.